எந்தச் சக்கரம் இழுக்கிறது? கார் வாங்கப்போகிறவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. எஞ்சினோ மோட்டாரோ உண்டாக்குகிற சக்தி எந்தச் சக்கரத்துக்குப் போகிறது, எந்த வழியாகப் போகிறது? விற்பனையாளர்கள் இதை மூன்று ஆங்கில எழுத்தில் சொல்லிவிட்டு உடனே டச் ஸ்கிரீனைக் காட்டப் போய்விடுகிறார்கள். டச் ஸ்கிரீனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி (டோங்காட்): நடுத்தர எஸ்.யு.வி. ஒன்று வாங்கப் பார்க்கிறோம். அதே வண்டி முன்சக்கர இழுவையிலும் வருகிறது, ஆல்-வீல் டிரைவிலும் வருகிறது. விலை வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. தினமும் டர்பனுக்கு வேலைக்குப் போய்வருகிறேன், வருடத்துக்கு ஒருமுறை டிராகன்ஸ்பர்க் மலை. இந்த முறை லெசோத்தோவுக்குப் போகிற சானி பாஸ் மலைப்பாதையில் ஏறலாம் என்று பையன்கள் பிடிவாதம். மழையில் ஆல்-வீல்தான் பாதுகாப்பு என்கிறார் விற்பனையாளர். உண்மையா அண்ணா?

பதில்: பாதி உண்மை தம்பி, அதுவும் சின்னப் பாதி.

நீங்கள் பார்க்கிற மாதிரி வண்டிகளில் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன்சக்கரங்களைத்தான் சுழற்றுகிறது. ஆல்-வீல் மாடலில் கூடுதலாக வண்டியின் அடியில் பின்பக்கம் வரை ஒரு நீளத் தண்டு ஓடும், பின் டிஃபரன்ஷியலுக்கு (இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி) முன்னால் ஒரு கிளட்ச் இருக்கும். முன்சக்கரம் வழுக்கினாலோ வழுக்கப்போகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றினாலோ அந்தக் கிளட்ச் இறுகி, கொஞ்சம் சக்தியைப் பின்னால் அனுப்பும். மற்ற நேரமெல்லாம் நீங்கள் ஓட்டுவது முன்சக்கர வண்டிதான், கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு, கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் குடித்துக்கொண்டு.

ஈரச் சாலையில் கிளம்பும்போது, சேற்றுப் புல்வெளியில் நிறுத்திய வண்டியை வெளியே எடுக்கும்போது, டிராகன்ஸ்பர்க் பக்கத்துச் சரளைச் சாலை மேட்டில் ஏறும்போது ஆல்-வீல் உதவும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மழையில் நம்மைக் கொல்வது கிளம்ப முடியாமல் போவதல்ல, நிற்க முடியாமல் போவதுதான். பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது, அங்கே ஆல்-வீல் வண்டிக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. எம்4 நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகமாகப் போனால் நான்கு டயரும் சேர்ந்துதான் மிதக்கும். சட்டப்படி டயர் பள்ளம் 1 மில்லிமீட்டர் இருந்தால் போதும் நம் தென்னாப்பிரிக்காவில். நம் கோடை மழைக்கு அது போதவே போதாது, 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றிவிடுங்கள். முன்சக்கர மாடலையே வாங்கி, மிச்சப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல டயருக்கு ஒதுக்குங்கள். எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி சறுக்கினால் தானே தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு நேராக்குவது) இருக்கிறதா என்று மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள், மழைக்கு அதுதான் முக்கியம்.

சானி பாஸ் வேறு கதை. தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியிலிருந்து மேலே போக ஃபோர்-பை-ஃபோர் வண்டிகளை மட்டும்தான் விடுவார்கள். பாதையின் உச்சி 2,876 மீட்டர் உயரம். கடைசிப் பகுதியில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும், குளிர்காலத்தில் அங்கே பனி உறைந்து கிடக்கும். ஹைலக்ஸ், ஜிம்னி மாதிரி வண்டிகளில் இருக்கும் ஃபோர்-பை-ஃபோர் அமைப்பு உங்கள் எஸ்.யு.வி.யில் இருப்பது போன்றதல்ல. அவற்றில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒரு பெட்டி, முன் அச்சையும் பின் அச்சையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடும். கூடவே லோ ரேஞ்ச் இருக்கும், அதாவது கியர்களையெல்லாம் இரண்டு, இரண்டரை மடங்கு குறைத்துத் தருவது. ஏறும்போது கிளட்ச் எரியாமல் நடை வேகத்தில் ஏறலாம். அதைவிட முக்கியம் இறக்கம்: பிரேக்கைத் தொடாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அந்தப் பூட்டுக்கு ஒரு தொல்லையும் உண்டு. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீளமான வட்டத்தில் ஓடுகின்றன. மணலிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை, திருகல் முழுவதும் தண்டிலும் கியரிலும் போய் ஏறும், ஸ்டீயரிங் கனக்கும், கடைசியில் ஏதாவது உடையும். வாரம் முழுவதும் ஃபோர்-ஹையில் (லோ ரேஞ்ச் இல்லாமல் இரண்டு அச்சையும் பூட்டுகிற நிலை) போட்டு ஊருக்குள் ஓட்டுகிற மாமாக்கள் நம்மில் இருக்கிறார்கள், நீங்களே இரண்டு பேரை நினைத்துக்கொள்வீர்கள்.

சானிக்கு என்ன செய்வது? ஹிம்வில், அண்டர்பர்க் பக்கம் ஃபோர்-பை-ஃபோரில் கூட்டிப்போகிற சுற்றுலாக்காரர்கள் இருக்கிறார்கள். வருடத்தில் ஒருநாள் பயணத்துக்கு டிக்கெட் வாங்குவது, மிச்ச நாளெல்லாம் வேண்டாத ஒரு டிஃபரன்ஷியலை ஊருக்குள் இழுத்துக்கொண்டு திரிவதைவிட மலிவு. பையன்களும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): தம்பி, கரோலா கிராஸ் ஹைபிரிட் பார்த்துவைத்திருக்கிறேன். அதில் சி.வி.டி. கியர்பாக்ஸ் என்று போட்டிருக்கிறது. சி.வி.டி. என்றால் பெல்ட், பெல்ட் போனால் பெரிய செலவு என்று மருமகன் பயமுறுத்துகிறான். பிளக்கில் போட வேண்டுமா? பேட்டரி செத்தால் எஞ்சினில் ஓட்டலாமா?

பதில்: அக்கா, மருமகன் சொல்வது சாதாரண சி.வி.டி.க்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு இடையில் எஃகு பெல்ட் ஓடுவதுதான் சாதாரண சி.வி.டி. இந்த ஹைபிரிட்டில் பெல்ட்டே கிடையாது. கிளட்ச்சும் கிடையாது, ஸ்டார்ட்டர் மோட்டாரும் கிடையாது. பெயரை மட்டும் அப்படி வைத்திருக்கிறார்கள்.

உள்ளே இருப்பது ஒரு கோள் பல்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு சிறிய பல்சக்கரம், அதைச் சுற்றி ஓடுகிற சில பல்சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்து ஒரு வளையம். சுற்றி ஓடுகிறவற்றைத் தாங்குகிற சட்டத்தில் எஞ்சின் கோக்கப்பட்டிருக்கும், நடுச்சக்கரத்தில் ஒரு ஜெனரேட்டர், வளையத்தின் பக்கம் பெரிய மோட்டாரும் சக்கரங்களும். எஞ்சின் தரும் சக்தியில் ஒரு பங்கு பல்சக்கரம் வழியாக நேராகச் சக்கரத்துக்குப் போகிறது, மற்றொரு பங்கு ஜெனரேட்டரில் மின்சாரமாகி மோட்டார் வழியாக அதே சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. ஜெனரேட்டரை வேகமாகவோ மெதுவாகவோ சுழலவிட்டால் எஞ்சின் வேகமும் அதற்கேற்ப மாறும், கியர் மாற்றும் வேலை அதோடு முடிந்தது. ரிவர்ஸ் கியர்கூடத் தனியாக இல்லை, மோட்டாரே பின்பக்கமாகச் சுழலும். 1997இல் முதல் டொயோட்டா பிரியஸில் வந்த யோசனை இது. உலகம் முழுவதும் டாக்ஸிக்காரர்கள் இதை அடித்து ஓட்டியிருக்கிறார்கள், அதனால் இதன் உழைப்பைப் பற்றி எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

பிளக் தேவையில்லை. பிரேக் போடும்போதும் இறக்கத்திலும் மோட்டாரே ஜெனரேட்டராகிப் பேட்டரியை நிரப்பும். பேட்டரி ரொம்பச் சிறியது, ஒன்றரை கிலோவாட்-மணிகூட இல்லை. அதனால் ஃபீல்ட்ஸ் ஹில் மாதிரி நீள இறக்கத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். அப்போது கியர் லீவரில் உள்ள பி (B) நிலைக்கு, பார்க்கிங் பி (P) அல்ல, மாற்றினால் எஞ்சின் வண்டியைப் பிடிக்கும், பிரேக் சூடாகாது. மேட்டில் சாதாரணமாக ஓட்டும்போது அதில் போடாதீர்கள், பெட்ரோல்தான் வீணாகும்.

பேட்டரி முழுக்கச் செத்தால் எஞ்சினை மட்டும் வைத்து ஓட்ட முடியாது, ஏனென்றால் எஞ்சினைக் கிளப்புவதே அந்தப் பேட்டரிதான். ஆகவே ஹைபிரிட் பேட்டரிக்குத் தனியாக எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் வாரண்டி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வண்டி என்றால் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும். இன்னொன்று, பல ஹைபிரிட்களில் பின் இருக்கைப் பக்கம் ஒரு காற்றுத் துளை இருக்கும், பேட்டரியைக் குளிர்விக்க. கோயிலுக்குப் போகும்போது பூக்கூடையையும் பித்தளைத் தட்டையும் வைத்து அதை அடைத்துவிடாதீர்கள். பேரப்பிள்ளைகள் சமோசாத் தூளைக் கொட்டினால் தட்டிவிடுங்கள்.

உங்களுக்கு லாபமா என்றால், சாட்ஸ்வொர்த்திலிருந்து ஊருக்குள்ளே ரோபோட்டுக்கு ரோபோட் (சிக்னலுக்குச் சிக்னல்) நின்று போகிறவருக்கு நல்ல லாபம். எப்போதும் என்3 நெடுஞ்சாலையில் மணிக்கு 120இல் போகிறவருக்கு அவ்வளவு இல்லை.

எல்லா ஹைபிரிட்டும் இப்படித்தான் என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஹோண்டா ஃபிட் ஹைபிரிட்டில் பெரும்பாலான நேரம் எஞ்சின் மின்சாரம் மட்டும்தான் உண்டாக்கும், சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் ஒரு கிளட்ச் எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு சேர்க்கும். 48 வோல்ட் என்று போட்டு வருகிறவை இன்னொரு ரகம். ஹைலக்ஸ் 2.8 டீசலில்கூட இப்போது அது இருக்கிறது. அங்கே எஞ்சினோடு பெல்ட்டில் கோத்த ஒரு சின்ன மோட்டார் கிளம்பும்போது கொஞ்சம் தள்ளிவிடும், அவ்வளவுதான். தனியாக மின்சாரத்திலேயே வண்டியை ஓட்டாது. அதை ஹைபிரிட் என்று சொல்லி விலை ஏற்றினால், "எஞ்சின் நின்றபடி எவ்வளவு தூரம் ஓடும்?" என்று கேளுங்கள். பதில் வராது.

கேள்வி (வெருலம்): கிளேர்வுட் மார்க்கெட்டுக்கு வாரம் மூன்று நாள் காய்கறி ஏற்றிப் போகிறேன். பழைய நிசான் என்பி200 பக்கி (பிக்கப் வண்டி) ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. ஆனால் தோட்டத்துப் பாதை மண், கடைசியில் ஒரு மேடு. ஃபோர்-பை-ஃபோர் வாங்க வசதி இல்லை.

பதில்: என்பி200 முன்சக்கர இழுவை பக்கி. 2024இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், ஆனால் உதிரிப்பாகத்துக்கு இப்போதைக்குப் பஞ்சமில்லை. தார்ச்சாலையில் குறைந்த செலவில் ஓடுகிற வண்டி. உங்கள் மேடுதான் பிரச்சினை. பின்னால் பாரம் ஏற்றி மேட்டில் ஏறினால் எடை பின்சக்கரங்கள்மேல் சாயும், இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் லேசாகிவிடும். மழை பெய்த மண்ணில் அவை சும்மா சுழன்றுகொண்டு நிற்கும்.

பின்சக்கர இழுவைப் பக்கியில் இது தலைகீழ். பாரம் ஏற ஏறப் பிடிப்பு கூடும். ஆனால் காலியாகத் திரும்பி வரும்போது அதன் பின்பக்கம் லேசு, மழையில் ரவுண்டபவுட்டில் வெடுக்கென்று திரும்பினால் வாலை வீசும். உங்களுக்கு நான் சொல்வது டிஃப் லாக் உள்ள, பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கிற 4-க்கு-2 பக்கி. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும், ஒரு சக்கரம் சேற்றில் எதிர்ப்பே இல்லாமல் சுழன்றால் கெட்டி நிலத்தில் நிற்கிற மற்றதுக்கும் அந்தத் துளியளவுதான் போகும். டிஃப் லாக் பட்டனை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகச் சுழலும், கெட்டி நிலத்தில் உள்ளது உந்தித் தள்ளும். உயரமான ஹைலக்ஸ் 4-க்கு-2, டி-மேக்ஸ் மாதிரி வண்டிகளில் பல மாடல்களில் வருகிறது. வாங்கும்முன் மண்ணில் நிறுத்தி அழுத்திப் பாருங்கள், பழைய வண்டிகளில் விளக்கு எரியும், லாக் விழாது. மேடு தாண்டியதும் அணைத்துவிடுங்கள், தார்ச்சாலையில் லாக்கோடு திரும்பாதீர்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): மகளுக்கு முதல் கார். ஆட்டோமேட்டிக்தான் வேண்டுமாம். விலை குறைவாக இருப்பதெல்லாம் ஏ.எம்.டி. என்கிறார்கள். அது ஆட்டோமேட்டிக்தானே?

பதில்: அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். உங்கள் காலும் கையும் செய்கிற வேலையைச் சின்ன மோட்டார்கள் செய்கின்றன. மலிவு, பெட்ரோல் செலவும் மேனுவல் அளவுதான், கிளட்ச் மாற்றினாலும் கட்டுப்படியாகும். ஆனால் கியர் மாறும்போது ஒரு கணம் சக்தி அறுந்து தலை முன்னால் ஆடும். நெரிசலில் மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து வைக்கிற பழக்கம் இருந்தால் கிளட்ச் கருகிவிடும், பிரேக்கில்தான் நிற்க வேண்டும். ஃபீனிக்ஸில் பாதி வீட்டு வாசல் செங்குத்து. அதனால் கடைக்காரர் காட்டும் சமதளச் சாலையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உங்கள் வீட்டு வாசலில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். மகளே ஏற்றட்டும். பிடிக்கவில்லை என்றால் டார்க் கன்வர்ட்டர் உள்ள பழைய ஆட்டோமேட்டிக் தேடுங்கள். போலோ விவோ 1.6 ஆட்டோமேட்டிக்கில் இருப்பது அதுதான். கொஞ்சம் அதிகம் குடிக்கும், ஆனால் மேட்டில் எண்ணெய் வழியாகச் சக்தி போவதால் மெதுவாக ஊர்ந்தாலும் தேயாது.

கேள்வி (லெனேசியா): மின்சாரக் காருக்கு மாறலாமா என்று யோசனை. ஒரே ஒரு கியர்தானாமே, ஜோபர்க்கிலிருந்து டர்பனுக்குக் காவடிக்கு வந்துபோகிறோம், வான் ரீனன்ஸ் மேட்டில் திணறாதா? முன் மோட்டார், பின் மோட்டார், இரண்டு மோட்டார், எது வாங்குவது?

பதில்: திணறாது. பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றிலிருந்து 6,500 வரைதான் உருப்படியாக வேலை செய்யும், அதனால்தான் அதற்கு ஆறு ஏழு கியர். மோட்டார் சுழலத் தொடங்கும்போதே முழு முறுக்கு விசையைத் தரும், 15,000 சுற்றைத் தாண்டியும் ஓடும். ஒன்பது பத்து மடங்கு குறைக்கிற ஒரே பல்சக்கரத் தொகுதி போதும். போர்ஷே டைகான் மாதிரி ஒன்றிரண்டு வண்டியில் பின்னால் இரண்டு கியர் வைத்திருக்கிறார்கள், அது ரேஸ் பைத்தியத்துக்கு.

ஜோபர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. உங்கள் ஊர் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிவு. டர்போ இல்லாத எஞ்சின் கடற்கரையில் தருவதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை அங்கே இழக்கும். மோட்டாருக்குக் காற்றே வேண்டாம்.

தூரக்கணக்கைத்தான் நிதானமாகப் போட வேண்டும். ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள காரைக் கடல் மட்டத்திலிருந்து ஜோபர்க் உயரத்துக்குத் தூக்க மட்டும் 8 கிலோவாட்-மணிக்குக் கொஞ்சம் மேலே செலவாகும், இது பள்ளிக்கூடப் பௌதிகம்தான். 120இல் ஓடுகிற செலவு 100 கிலோமீட்டருக்கு 18, 20 கிலோவாட்-மணி, இது தனி. சுமார் 570 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோவாட்-மணி பேட்டரிக்கு டர்பனிலிருந்து திரும்பும்போது இரண்டு முறை சார்ஜ் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வரும்போது இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், ஒரு நீள நிறுத்தத்தோடு வந்துவிடலாம். ஹாரிஸ்மித்தில் எப்படியும் சாப்பிட நிற்பீர்கள்.

மோட்டார் எங்கே என்பது: பிஒய்டி டால்ஃபின், ஆட்டோ 3 இரண்டும் முன்சக்கரம். வால்வோ ஈஎக்ஸ்30இல் ஒற்றை மோட்டார் பின்னால். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எடை பின்னால் சாய்வதால் பின்சக்கரம் நன்றாகப் பிடிக்கும், முன்சக்கரம் ஈரத்தில் கொஞ்சம் கீச்சிடும். ஆனால் கம்ப்யூட்டர் மோட்டாரைக் கண நேரத்தில் அடக்கிவிடும், பெட்ரோல் எஞ்சினை அப்படி அடக்க முடியாது. குடும்பக் காருக்கு ஒற்றை மோட்டார் போதும், எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. இரண்டு மோட்டார் என்பது பெரும்பாலும் வேகத்துக்குக் கொடுக்கிற காசு, தூரமும் குறையும். வழியில் நின்றுவிட்டால் சக்கரம் தரையில் உருள இழுத்துப்போக விடாதீர்கள், மோட்டார் சக்கரத்தோடு சேர்ந்தே சுழன்று மின்சாரம் உண்டாக்கும், கெட்டுப்போகும். வண்டியை முழுசாகத் தூக்கி வைக்கிற லாரிதான் வர வேண்டும். உங்கள் இன்ஷூரன்ஸில் அது இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): நான்கு மாதம் முன்னால் ஒரு டீலரிடம் பழைய ஆட்டோமேட்டிக் வாங்கினேன். இப்போது கிளம்பும்போது கியர்பாக்ஸ் நடுங்குகிறது. "பழைய வண்டி, வூட்ஸ்டூட்ஸ் (இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்கிறேன்) என்று கையெழுத்துப் போட்டீர்கள்" என்கிறார்கள்.

பதில்: டீலர் விற்ற வண்டிக்கு அந்த வார்த்தை கவசமாகாது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, வேறு வண்டியா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். ரிப்பேர் செய்து, மூன்று மாதத்துக்குள் அதே குறை மறுபடி வந்தால் அவர்கள் மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். விற்கும்போதே "இந்த கியர்பாக்ஸில் இந்தக் குறை இருக்கிறது" என்று குறிப்பாகச் சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் வாதம் பலவீனம். தனி ஆளிடம் வாங்கியிருந்தாலும் இந்தச் சட்டம் உதவாது.

போனில் சண்டை போடாதீர்கள். தேதியோடு ஈமெயில் அனுப்புங்கள், வேறொரு பட்டறையில் பார்க்கச் சொல்லி அறிக்கை வாங்கி இணையுங்கள், அதுவரை கியர்பாக்ஸைத் திறக்க விடாதீர்கள். ஆறு மாதம் முடியும்முன் எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். டீலர் இழுத்தடித்தால் மோட்டார் துறை ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) எழுதுங்கள், அதன்பின் தேசிய நுகர்வோர் ஆணையம்.

கேள்வி (ஸ்டேங்கர்): ஆல்-வீல் வண்டியில் ஒரு டயர் கிழிந்துவிட்டது. மற்ற மூன்றும் பாதி தேய்ந்தவை. ஒன்று மட்டும் புதிது போட்டால் போதுமா?

பதில்: வேண்டாம். புது டயர் விட்டத்தில் பெரிது, அதனால் அது மெதுவாகச் சுழலும். அந்த வித்தியாசத்தை வழுக்கல் என்று நினைத்து, முதல் பதிலில் சொன்ன நடுக்கிளட்ச் ஓயாமல் வேலை செய்து சூடாகும். ஆயிரத்து ஐந்நூறு ராண்ட் டயரை மிச்சம் பிடிக்கப்போய் அந்தக் கிளட்ச்சுக்குக் காசு கட்டுவீர்கள். கையேட்டில் எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் தாங்கும் என்று போட்டிருக்கும், பாருங்கள். தாங்காது என்றால் நான்கும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதே பிராண்டில் அதே அளவு தேய்ந்த பழைய டயர் ஒன்று நம்பகமான டயர் கடையில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். தேதி பார்த்து வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம்.